நாளுக்கு எவ்வளவு என்று அச்சிடச் சொல்லுங்கள்: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்),
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

கைபேசிக் கட்டணங்களைத் தொடர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து வருபவர்கள் நாங்கள். ப்ரீபெய்டு மலிவா, போஸ்ட்பெய்டு மலிவா என்ற கேள்விக்கு எங்களாலேயே ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. ஒன்றை 28 நாளுக்கு, வரியும் சேர்த்து விற்கிறார்கள். இன்னொன்றை மாதத்துக்கு, வரியைத் தனியாக வைத்து விற்கிறார்கள். படியில் அளந்த அரிசியையும் கிலோவில் நிறுத்த அரிசியையும் எதிரெதிரே வைத்து, எது சல்லிசு என்று வாடிக்கையாளரைக் கேட்பது போல இருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ப்ரீபெய்டோ போஸ்ட்பெய்டோ, எந்த பிளானாக இருந்தாலும், வரி உட்பட நாள் ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அதே எழுத்தளவில் போட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட வேண்டும். அது ஏன் தேவை என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். கீழே வரும் விலைகள் 2024 ஜூலை உயர்வின்போதும் 2025 ஜனவரியிலும் நிறுவனங்களே அறிவித்தவை. விலை நாளை மாறலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் அந்த 28 நாள். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13.04. ஆண்டுக்குப் பன்னிரண்டு சம்பளம் வாங்குகிறவர் பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்கிறார். கூடுதலாக ஒரு முறை செலவாவது மட்டுமில்லை, தேதியும் நகர்ந்துகொண்டே போகிறது. ஜனவரி 1-ஆம் தேதி ரீசார்ஜ் செய்தவருக்கு அடுத்தது ஜனவரி 29, பிறகு பிப்ரவரி 26, மார்ச் 26, ஏப்ரல் 23. சம்பளம் வந்த கையோடு கட்டிக்கொண்டிருந்த பணத்தை, நான்கே சுற்றில், கையில் காசு வற்றியிருக்கும் மாதக் கடைசியில் தேட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் வெளியே பேச முடியாது, டேட்டாவும் நின்றுவிடும்.

இந்தக் குறையை ஆணையம் அறியாமல் இல்லை. 2022 ஜனவரி 27-ஆம் தேதி வந்த கட்டண ஆணையின் 66-ஆவது திருத்தம், ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளான் வவுச்சர், சிறப்புக் கட்டண வவுச்சர், காம்போ வவுச்சர் ஆகிய மூன்று ரீசார்ஜ் வகைகளிலும் தலா ஒன்றாவது தர வேண்டும் என்றது. ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கக்கூடிய வவுச்சரும் தலா ஒன்று வேண்டும் என்றது. நல்ல ஆணை. நிறுவனங்களும் அதன்படி பிளான்களைக் கொண்டுவந்தன. ஆனால் பலன் எவ்வளவு பேரைச் சென்றடைந்தது என்பதற்கு ஜியோவின் இரண்டு பிளான்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தினம் 1.5 ஜிபி டேட்டாவோடு 28 நாளுக்கு 299 ரூபாய். அதே 1.5 ஜிபியோடு முழுக் காலண்டர் மாதத்துக்கு 319 ரூபாய். பட்டியலைப் பார்க்கிறவர் கண்ணுக்கு 299 தான் மலிவு. நாள் கணக்கில் 299 பிளான் 10.68 ரூபாய்; 319 பிளான் 10.49 ரூபாய். ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் முன்னது சுமார் 3,898, பின்னது 3,828. கூடுதலாகத் தெரிகிற விலைதான் குறைந்த செலவு, தேதியும் நகராது. இதைக் கண்டுபிடிக்க வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும், கடை வாசலில் அதற்கு நேரமும் இருக்க வேண்டும்.

ரீசார்ஜ் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள். பேனாவால் எழுதி, விலை ஏறியபோதெல்லாம் மேலே வெள்ளைத் தாள் ஒட்டித் திருத்தியது. இடப்பக்கம் விலை, வலப்பக்கம் நாள், நடுவே ஜிபி. 28, 56, 84, 336, 365 என்று நாள்கள் ஒன்றுக்கொன்று சேராத எண்களாக நிற்கும். இந்த அட்டையில் நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும் என்பதுதான் எங்கள் மடலின் சாரம்.

அடுத்து போஸ்ட்பெய்டு. 2017 ஜூலை 1 முதல் தொலைத்தொடர்பு சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ப்ரீபெய்டு விலையில் இது உள்ளடக்கம்: 299 ரூபாயில் 253.39 சேவைக்கு, 45.61 வரிக்கு. போஸ்ட்பெய்டில் அறிவிக்கப்படும் விலைக்கு மேல் வரி ஏறுகிறது. 30 ஜிபி தரும் ஜியோவின் 349 ரூபாய் பிளான் பில்லில் 411.82 ஆக வந்து நிற்கும். பன்னிரண்டு மாதத்துக்கு 4,941.84; நாளுக்கு 13.54. விளம்பரத்தில் 319-க்கும் 349-க்கும் இடையில் முப்பது ரூபாய்தான் வித்தியாசம். ஆண்டு முடிவில் அது 1,113 ரூபாய் 84 காசாகிறது. போஸ்ட்பெய்டுக்கு மாறிய பலர் முதல் பில்லைப் பார்த்துத் திகைப்பதற்கு முதல் காரணம் இதுதான். பில் சுழற்சியின் நடுவில் சேர்ந்திருந்தால் சில நாள்களுக்கான விகிதத் தொகையும் அதில் சேர்ந்து வரும், திகைப்பு இரட்டிப்பாகும்.

வேறு சில நாடுகளில் ஒப்பந்த பிளானின் விலையில் கைபேசியின் தவணையும் அடங்கியிருக்கும். ஆகவே அங்கே விலை கூடுதலாக இருப்பதற்கு ஒரு பொருள் கையில் இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் கைபேசியைத் தனியாகக் கடையில் வாங்குகிறோம். பில்லில் இருப்பது சேவை மட்டும்தான். அப்படியானால் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? மாத டேட்டாவை எந்த நாளில் வேண்டுமானாலும் செலவழிக்கும் உரிமை, பேசிவிட்டுப் பிறகு கட்டும் வசதி, சில பிளான்களில் ஓடிடி சந்தா. இவை சிலருக்கு உண்மையாகவே பயன்படும்.

எனவே போஸ்ட்பெய்டு எல்லாருக்கும் நஷ்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒருவர் வேலைநாளில் அரை ஜிபிதான் பயன்படுத்துகிறார், ஞாயிறு மட்டும் படம் பார்த்து நான்கு ஜிபி தீர்க்கிறார் என்று வையுங்கள். 26 நாளுக்கு 13 ஜிபி, நான்கு ஞாயிறுக்கு 16 ஜிபி, ஆக 29. போஸ்ட்பெய்டின் 30 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது, செலவு 411.82. 319 ரூபாய் ப்ரீபெய்டில் மாதத்துக்கு 45 ஜிபி இருந்தும் இவருக்குப் போதாது. மீந்த டேட்டா நள்ளிரவில் காலாவதியாகிவிடும், ஞாயிறன்று 1.5 ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு விழுந்துவிடும். குறைகிற இரண்டரை ஜிபிக்கு 29 ரூபாயில் 2 ஜிபியும் 19 ரூபாயில் 1 ஜிபியும் போட்டால் வாரத்துக்கு 48, மாதத்துக்கு 192. மொத்தம் 511 ரூபாய். இவருக்கு போஸ்ட்பெய்டுதான் லாபம்.

குடும்பக் கணக்கு இன்னும் தெளிவானது. ஜியோவின் 449 ரூபாய் குடும்ப பிளானில் முதல் சிம்முக்கு 75 ஜிபி. கூடுதல் சிம் ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாய், 5 ஜிபி. நான்கு சிம் என்றால் 449-உம் 450-உம் சேர்ந்து 899. வரியோடு 1,060.82. தலைக்கு மாதம் 265.20, நாளுக்கு 8.72. வீட்டில் நால்வரும் ஆளுக்கு 319 போடுவதைவிட இது குறைவு. வீட்டில் வைஃபை இருந்து, வெளியே போகும்போது மட்டும் டேட்டா தேவைப்படும் குடும்பத்துக்கு 90 ஜிபி தாராளம். நால்வரில் இருவர் நாள் முழுக்க வெளியில் வீடியோ பார்ப்பவர்கள் என்றால் போதாது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பில் ஒன்றுதான். அதைக் கட்டாமல் விட்டால் நான்கு எண்ணுக்கும் சிக்கல்.

ஒரே நிறுவனத்தின் பிளான்களிலேயே தனி ஆளுக்கு ஒரு பதில், ஞாயிறு பயனருக்கு ஒரு பதில், குடும்பத்துக்கு ஒரு பதில். எது தனக்குப் பொருந்தும் என்பதை வாடிக்கையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். அதை நீங்களோ நாங்களோ செய்ய முடியாது. ஆனால் எந்தப் பதிலுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்பது அவர் கண்முன் இருக்க வேண்டும்.

ஜிபிக்கு எவ்வளவு என்று போடச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். போதாது, அது தவறான வழியும் காட்டும். 299 பிளானில் 42 ஜிபி, ஜிபிக்கு 7.12 ரூபாய். 349 போஸ்ட்பெய்டில் வரியோடு ஜிபிக்கு 13.73. பாதி விலை போலத் தெரியும். ஆனால் ப்ரீபெய்டின் அந்த 42 ஜிபியை ஒவ்வொரு நாளும் ஒன்றரை ஜிபி வீதம் ஒரு துளி மிச்சமில்லாமல் தீர்ப்பவருக்கு மட்டும்தான் 7.12. தினம் அரை ஜிபி பயன்படுத்துகிறவருக்கு உண்மை விலை 21 ரூபாய்க்கு மேல். அதனால்தான் நாள் விலையை முதன்மையாகக் கேட்கிறோம். டேட்டா இல்லாத பிளானுக்கும் அது பொருந்தும்.

பட்டன் போன்காரர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டண அமைப்பில் மிக அதிகமாக இழப்பவர்கள் அவர்கள். 2018 இறுதியில் ஏர்டெலில் 35 ரூபாய்க்கு 28 நாள் வேலிடிட்டி கிடைத்தது, 26.66 ரூபாய் டாக்டைமும் இருந்தது. 2021 ஜூலையில் குறைந்தபட்ச ரீசார்ஜ் 79 ஆனது, நவம்பரில் 99. 2024 ஜூலையில் 28 நாளுக்கான தொடக்க பிளான் 199-ஐத் தொட்டது. இப்போதைய பிளானில் அளவில்லாமல் பேசலாம் என்பது நிஜம்தான். ஆனால் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வேண்டியது மகன் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும் என்பது மட்டும். அளவில்லாப் பேச்சையும் 2 ஜிபி டேட்டாவையும் அவர் கேட்கவில்லை.

2024 டிசம்பரில் ஆணையம் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின் 12-ஆவது திருத்தம் இந்தக் குறையைத் தொட்டது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான வவுச்சர் கட்டாயம் என்றது. வேலிடிட்டியின் உச்சவரம்பை 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் பிளான்கள் வந்தன. ஏர்டெலில் 84 நாளுக்கு 469, ஓராண்டுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. நாள் கணக்கில் 5.58, 5.07, 5.33, 5.20. டேட்டாவோடு வரும் 28 நாள் தொடக்க பிளான்களோ நாளுக்கு ஏர்டெலில் 7.11 (199 ரூபாய்), ஜியோவில் 6.75 (189 ரூபாய்).

இதில் உறுத்துவது என்னவென்றால், பேச்சு மட்டும் போதும் என்பவர்களில் பெரும்பாலோர் ஒரே மூச்சில் 469 ரூபாய் எடுத்துவைக்கக்கூடியவர்கள் இல்லை. அன்றாடக் கூலியில் 199-ஐத் திரட்டுவதே பாடு. அவர் 28 நாளுக்கொரு முறை 199 போட்டு ஆண்டுக்குப் பதின்மூன்று முறையில் 2,587 கட்டுகிறார். மொத்தமாகக் கட்ட முடிந்தவர் அதே ஏர்டெல் சேவையை 1,849-க்குப் பெறுகிறார். 738 ரூபாய், வேண்டாத டேட்டாவுக்கும் தவணை தவணையாகக் கட்டுவதற்கும் சேர்த்து. ஆகவே பேச்சு மட்டுமான வவுச்சரை 30 நாளுக்கும் தர வேண்டும் என்று திருத்தத்தை ஒரு படி முன்னெடுக்க வேண்டும். அதன் நாள் விலை 84 நாள் வவுச்சரின் நாள் விலைக்கு அருகில் இருக்கிறதா என்பதை எல்லோரும் பார்க்கும்படி அச்சிடவும் வேண்டும். அந்த 336 நாளும் விளக்கம் கேட்கிறது. பன்னிரண்டு 28-கள், ஆண்டுக்கு 29 நாள் குறைவு. வருட பிளான் என்று நினைத்து வாங்கியவருக்குப் பதினோரு மாதம் முடியும்போதுதான் தெரியவரும்.

டாப்-அப்பும் இப்படித்தான். பத்து ரூபாய் போட்டால் 7.47 ரூபாய் டாக்டைம் ஏறுகிறது. மீதி எங்கே போனது என்று கடைக்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு; பாவம், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வரியைக் கழித்தால் 8.47; செயலாக்கக் கட்டணமாக ஒரு ரூபாய் போக 7.47. பெரிய தொகைக்கு அந்தக் கட்டணமும் கூடும்: இருபதுக்கு 14.95, முப்பதுக்கு 22.42, நூறுக்கு 81.75. இந்தக் கணக்கு வெறும் காசு விவகாரமில்லை. 2013-இல் ஆணையம் செய்த விதிப்படி, 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணிலும் 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதை முடக்கக் கூடாது. 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருக்க வேண்டும். இதை நம்பி இருபது ரூபாய் டாப்-அப் போட்டவரின் இருப்பில் 14.95 தான் இருக்கும், எண் போய்விடலாம். முப்பது போட வேண்டும். எண் உயிரோடு இருக்கும் என்பதால் அழைப்பு வரும் என்றும் ஆகாது. வங்கிக் கணக்கோடு இணைத்த பழைய எண்ணை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் அடிக்கடி தவறுகிறார்கள். டாப்-அப் வவுச்சரில் விலையை விடப் பெரிய எழுத்தில் டாக்டைமைப் போடச் சொல்லுங்கள்.

போஸ்ட்பெய்டில் பில் எகிறுவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. மாத டேட்டா தீர்ந்தபிறகு நிறுத்தமோ வேகக் குறைப்போ இல்லாமல் ஜிபிக்கு இவ்வளவு என்று ஓடத் தொடங்கும் பிளான்கள் உண்டு. மேலே சொன்ன 349 பிளானில் அது ஜிபிக்கு 10 ரூபாய், வரி தனி. பத்து ஜிபி கூடினால் 118. இது தாங்கும். வெளிநாட்டில் இறங்கியதும் டேட்டா ரோமிங்கை அணைக்க மறந்தால் தாங்காது. 50, 90, 100 சதவீதத்தில் டேட்டா எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ்ஸில் ‘இதற்கு மேல் ஜிபிக்கு வரியோடு இவ்வளவு’ என்ற தொகையும் சேர வேண்டும். காலர் டியூன் போன்ற மதிப்புக்கூட்டுச் சேவைகள் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் 155223 என்ற இலவச எண்ணில் நிறுத்தலாம் என்பதும் பில்லின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ப்ரீபெய்டுக்காரருக்குப் பில்லே கிடையாது. கடந்த ஆறு மாதக் கணக்கை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் கேட்டு வாங்கலாம் என்ற உரிமை உங்கள் 2012 விதிகளில் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

மாறுவதிலும் செலவு ஒளிந்திருக்கிறது. ப்ரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கு மாறினால் பாக்கி வேலிடிட்டி போய்விடும். எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குப் போனால், அதாவது போர்ட் செய்தால், பாக்கி இருப்பும் கணக்கில் வராது. 84 நாள் ரீசார்ஜ் செய்த பத்தாவது நாள் மாறுபவர் பெரும்பகுதிப் பணத்தை விட்டுவிட்டுப் போகிறார். மாறுவதென்றால் வேலிடிட்டியின் கடைசி வாரத்தில் தொடங்க வேண்டும். 1900-க்கு போர்ட் என்றும் எண்ணையும் ஆங்கிலத்தில் அனுப்பினால் வரும் குறியீடு பெரும்பாலான மாநிலங்களில் நான்கு நாள்தான் செல்லும். அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) போர்ட் முடிய மூன்று வேலை நாள். எஸ்எம்எஸ் வசதி இல்லாத பிளானிலிருந்தும் இந்தச் செய்தி போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் நீங்கள் உத்தரவிட்டது எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்துவிட்டது. போஸ்ட்பெய்டிலிருந்து வெளியேறுபவர் வந்த பில்லைக் கட்டி முடித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பாக்கி இருந்தால் கோரிக்கை அங்கேயே நிராகரிக்கப்படும். ரீசார்ஜ் செய்யும் கணத்திலேயே ‘இடையில் மாறினால் இந்தத் தொகை திரும்பாது’ என்ற வரி திரையில் வரட்டும்.

கட்டணத்தை ஆணையம் நிர்ணயிப்பதில்லை, சந்தைக்கே விட்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதை மாற்றச் சொல்லவில்லை. எந்த விலையும் வைக்கட்டும். அதை ஒரே அளவுகோலில் காட்டட்டும். பொதியிட்ட எண்ணெயிலும் பருப்பிலும் ஒரு கிராமுக்கோ கிலோவுக்கோ, ஒரு மில்லிக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று அச்சிடச் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. சின்ன பாக்கெட் வாங்குகிறவருக்கும் பெரிய டின் வாங்குகிறவருக்கும் ஒப்பிட ஒரு வழி பிறந்திருக்கிறது. மளிகைக்கு ஆன விதி அலைபேசிக்கும் ஆகும்.

நடைமுறை எளிது. ப்ரீபெய்டென்றால் விலையை வேலிடிட்டி நாளால் வகுக்க வேண்டும். போஸ்ட்பெய்டென்றால் மாத விலையோடு 18 சதவீதம் சேர்த்து, 12-ஆல் பெருக்கி, 365-ஆல் வகுக்க வேண்டும். குடும்ப பிளானில் அதைச் சிம் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். காசு வரை இரண்டு தசமம் போதும். ‘ரூ. 299, 28 நாள், நாளுக்கு ரூ. 10.68, ஆண்டுக்கு ரூ. 3,898’ என்று ஒரே வரியில் நான்கு எண்கள். விளம்பரத்தில், நிறுவனத்தின் செயலியில், கூகுள் பே, போன்பே போன்ற பணச் செயலிகளின் ரீசார்ஜ் திரையில், கடைக்குத் தரும் விலை அட்டையில், ரீசார்ஜ் ஆனதும் வரும் எஸ்எம்எஸ்ஸில் என ஐந்து இடத்திலும் வர வேண்டும். எஸ்எம்எஸ் வாடிக்கையாளரின் மொழியில் இருக்க வேண்டும். புதிய கட்டணத்தை நடைமுறைக்கு வந்த ஏழு வேலை நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்கும் கடமை நிறுவனங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் படிவத்தில் நாள் விலைக்கு ஒரு கட்டம் சேர்த்தால், உங்கள் கட்டண ஒப்பீட்டுத் தளத்தில் எல்லா நிறுவனங்களின் எல்லா பிளான்களையும் மலிவிலிருந்து வரிசைப்படுத்திவிடலாம்.

இதற்கான வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, நிறுவனங்களின் பதிலோடு ரீசார்ஜ் கடைக்காரர்களின் கருத்தையும் கேளுங்கள். எந்த விலைக்கு முன்னால் மக்கள் தயங்கி நிற்கிறார்கள், எதைத் தவறாகப் புரிந்துகொண்டு மறுநாள் திரும்பி வருகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 30 நாள் பேச்சு வவுச்சருக்கான திருத்தத்தை அந்த வரைவிலேயே சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
கட்டணக் கணக்கைக் கவனித்து வரும் கைபேசி நுகர்வோர்